வேலியோரம் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா

மோன்டானா
நவம்பர், திங்கட்கிழமை

அன்பு மகள் ப்ரிட்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நீயும் மாப்பிள்ளையும் அலாஸ்கா குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நான் சௌக்கியம். உன் அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, நீ கூப்பிடும் நேரமெல்லாம் அவர் சமையலறை மேஜையில் இருக்கிறார், அவர் வெளியே போகும் பகலில் நீ கிளினிக்கில் வேலையில் இருக்கிறாய், நான் எதைச் சொல்வது? போன ஞாயிறு "எல்லாம் நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்றேனே, அது அவர் காதுக்காகச் சொன்னது. இப்போது அவர் வீட்டில் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது, ஒரு ஜோடியை இப்போதே போட்டிருக்கிறேன். பனி இந்த வருடம் சீக்கிரமே விழுந்துவிட்டது. சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டுக் கொடுத்தேன், பாதிரியார் மனைவி உப்பு தூக்கல் என்றாள், அவள் மட்டும் நாலு தின்றாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன், வளவளவென்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். கொம்பன் எல்க் மானுக்கான பர்மிட் குலுக்கலில் அப்பாவுக்கு விழுந்ததைச் சொன்னேன் அல்லவா. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே அவர் அதற்குப் பெயர் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். விழுந்த அன்று மனிதர் களஞ்சியத்தில் தனியாக நின்று விசில் அடித்துக்கொண்டிருந்தார், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் டிராக்டரைத் திட்டுவதுபோல நடித்தார். ஆனால் பர்மிட் கையில் இருந்து என்ன, போக வழி வேண்டாமா? மேலே இருக்கும் அரசு நிலம் எல்லாருக்கும் பொதுதான். அதற்குப் போகும் சாலை ஹாகன் பண்ணைக்குள் போகிறது. கிழவர் ஹாகன் இருந்தவரை கேட்டருகே ஒரு பெட்டி இருக்கும், பெயரை எழுதிப் போட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் போகலாம், நீயும் அப்படித்தான் முதல் மானுக்குப் போனாய். பண்ணையை வாங்கியவர் கடற்கரைப் பக்கத்துக்காரர். பெட்டியைப் பிடுங்கினார், கேட்டுக்குச் சங்கிலி போட்டார், வேலிக்கம்பம் தவறாமல் ஆரஞ்சு பெயின்ட் அடித்துவிட்டார். உள்ளே கால் வைக்காதே என்று அர்த்தம். மரத்துக்கு மரம் கேமரா வேறு.

அந்தப் பண்ணையை இப்போது பார்த்துக்கொள்வது யார் தெரியுமா, உன் வகுப்பில் படித்த ட்ராய். முகத்தைச் சுளிக்காதே. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பண்ணை வீட்டிலேயே குடியிருக்கிறான், வேலை போனால் கூரையும் போகும்.

அப்பா பிடிவாதக்காரர், உனக்குத் தெரியாதா. சாலை இல்லாவிட்டால் என்ன என்று மலையைச் சுற்றி ஓடை வழியாக நடந்தே போக ஆரம்பித்தார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. மான்கள் நம்மைவிடப் புத்திசாலிகள், சுடுகிற காலம் வந்தால் பூட்டிய பண்ணைக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன, விடியற்காலையில் மட்டும் வேலி தாண்டி அரசு நிலத்துக்கு மேய வருகின்றன. வேலிக்கு இந்தப் பக்கம் வில்லோ செடிகள் புதராக அடர்ந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு நாள் சுட்டார். நல்ல கொம்பன். குண்டு பட்டதும் அது திரும்பி ஒரே தாவில் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. விழுந்தது, சாகவில்லை. தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு கிடந்தது. கல் எறிந்தால் போய் விழும் தூரம்தான். வேறு யாராக இருந்தாலும் குதித்துப் போய் வேலையை முடித்துவிட்டு வந்திருப்பார்கள். உன் அப்பா துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, போனுக்கு சிக்னல் கிடைக்கும் மேடுவரை நொண்டிப் போய் ட்ராயைக் கூப்பிட்டு அனுமதி கேட்டார்.

ட்ராய் வந்தான், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான். அப்பா சொன்னாராம், "நான் கால் வைக்க வேணாம்டா, நீயே போய் முடிச்சு விடு. கறிய நீயே எடுத்துக்க, எனக்கு ஒண்ணும் வேணாம். அது துடிக்குது பாரு." ட்ராய் அங்கேயே நின்று முதலாளிக்கு போன் போட்டான். ஒருத்தனுக்கு விட்டால் நாளைக்கு ஊரே வேலியில் ஏறும், விட்டுவிடு என்று பதில் வந்ததாம். "கேமரா பாத்துக்கிட்டு இருக்கு, என்னால முடியாது ஆர்விட்" என்று சொல்லிவிட்டு ட்ராய் அழுதுகொண்டே போனான் என்று அப்பாதான் சொன்னார். வேட்டையைக் கண்காணிக்கும் அரசாங்க வார்டனைக் கூப்பிட்டால் அவர் மாவட்டத்தின் அந்தக் கோடியில், மறுநாள்தான் வர முடியும் என்றார். வேலி தாண்டிச் சுடுவதும் குற்றம். ஆக உன் அப்பா அந்த மான் சாகும்வரை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆகிவிட்டது. காக்கைகள் வந்த பிறகுதான் எழுந்தார். எழுந்து, பையிலிருந்த பர்மிட் சீட்டை எடுத்து, இனிச் செல்லாதபடி கத்தியால் அதில் தேதியை வெட்டிவிட்டார். கொன்றது கொன்றதுதான், கைக்கு வராவிட்டால் என்ன, இந்த வருட வேட்டை முடிந்தது என்றார். சீட்டை வெட்டச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. எனக்கு அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது எனக்குக் கவலையாகிவிட்டது.

ஏனென்றால் மறுநாளிலிருந்து தினமும் அங்கே போகிறார். துப்பாக்கி எடுப்பதில்லை. ஒரு பிளாஸ்கில் காபி, அவ்வளவுதான். எலும்பு கிடக்கும் இடத்துக்கு நேராக வேலிக்கு இந்தப் பக்கம், அரசு நிலத்தில், கேமராவைப் பார்த்தபடி உட்காருகிறார். எதற்கு என்று கேட்டேன். "அந்தப் பண்ணைக்காரன் எங்க இருந்தாலும் போன்ல என் மூஞ்சியப் பாக்கணும், தினம் பாக்கணும்" என்றார். சரி, பார்க்கட்டும், உட்கார்ந்தால் முதுகுதான் வலிக்கும் என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகுதான் கவனித்தேன், மற்ற வேட்டைக்காரர்கள் தவறிச் சுட்டுவிடாமல் இருக்கப் போடும் ஆரஞ்சு மேல்சட்டை ஆணியிலேயே தொங்குகிறது. அந்தப் பழைய பழுப்புக் கோட்டையும் காதுமூடித் தொப்பியையும் போட்டுக்கொண்டு, வேட்டைக் காலத்தில், மான் வேலி தாண்டும் புதருக்குள் போய் உட்காருகிறார் ப்ரிட்டா. பின்னாலிருந்து பார்த்தால் நானே மான் என்றுதான் நினைப்பேன்.

சண்டை போட்டுப் பார்த்தேன். "ஆரஞ்சு வேட்டைக்காரன் போடறது. என் சீட்ட நானே வெட்டியாச்சு. இனிமே அத மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள போனா அது பொய்" என்றார். மனுஷன் என்று தெரிவதற்காவது போட்டுக்கொள்ளுங்களேன் என்றேன். "மனுஷன்னு தெரியாமலா இத்தன கேமரா வச்சிருக்கான்" என்கிறார். ஓடைவரை அவர் ஓட்டிப்போகும் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்கில் மேல்சட்டையை மாட்டி வைத்தேன், மடித்துக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். கோட்டின் முதுகில் ஒரு ஆரஞ்சுத் துணியை வைத்துத் தைத்தேன், மானை உரிக்கும் கத்தியால் ஒரு நூல் விடாமல் பிரித்து, துணியை நீவி என் தையல் கூடையிலேயே போட்டிருந்தார். கோபப்பட்டாலும் தேவலாம். அவர் கோபப்படுவதே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

நேற்று அவர் இல்லாத நேரம் ட்ராய் வந்தான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான், காபி கொடுத்தும் உட்காரவில்லை. "லோர்னாம்மா, சனிக்கிழமை முதலாளி வர்றாரு. கூட ஆறேழு பேரு, நன்றி நாள் பண்டிகை முடிஞ்சு சீசன் முடியறவரைக்கும் இருக்காங்க. அந்த வேலியோரமாத்தான் நிப்பாங்க, அங்கதானே மான் தாண்டுது. எப்படியாச்சும் அவர வீட்டுல புடிச்சு வைங்க" என்றான். அங்கே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களிடம் நீ சொல்லக் கூடாதா என்றேன். "சொல்லிட்டேம்மா. கேமராவுல பாத்து சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா சுடறப்போ யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றான். போன வருடம் வந்த கும்பல் இதுதான். நம் பக்கத்துப் பண்ணை பெர்னிஸின் கோவேறு கழுதையைச் சுட்டவர்கள். கழுத்தில் மணி கட்டியிருந்த கழுதை, கண்ணு! மன்னிப்புக் கேட்டு ஒரு பழக்கூடை அனுப்பினார்கள். எனக்கும் ஒரு பழக்கூடை வந்து வாசலில் நிற்பதுபோல நேற்றெல்லாம் கண்ணில் அதுவேதான்.

ட்ராய் சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார், மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன். "அப்ப சனிக்கிழமை அவன் நேர்லயே பாப்பான்" என்றார். மறுபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்.

இரவெல்லாம் புரண்டேன். ஷெரீஃபிடம் போனால், அவர் பொது நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார், யார் தடுக்க முடியும் என்பார். சாவியை ஒளித்தால் நடந்தே போவார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது, சொன்னால் நீ கத்துவாய், கத்து, கடிதத்தின் காதில் விழாது. இன்று காலை அவர் போன பிறகு அந்த மேல்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முழங்கால்வரை தொங்குகிறது, பூசணிக்காய்போல இருக்கிறேன். சனிக்கிழமை முதல் நானும் அவரோடு போகப்போகிறேன். ஓடை வழி நீளம்தான், என் மூச்சுக்கு நடுவில் பத்து இடத்தில் உட்கார வேண்டியிருக்கும், உட்காருவேன். அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். அவர்தான் சீட்டை வெட்டியவர், நான் எந்தச் சீட்டையும் வெட்டவில்லை, எனக்கு ஆரஞ்சு போட ஒரு வெட்கமும் இல்லை. அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தாவது தெரியட்டும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று நீ கேட்காதே, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பத்தெட்டு வருடம் அந்த மனிதரோடு சண்டை போட்டே வாழ்ந்துவிட்டேன், இப்போது தனியாக உட்காரவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கிளினிக்கில் பகல் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உன் வயிறு உன் அப்பா வயிறு. மாப்பிள்ளை மாத்திரையை மறக்காமல் சாப்பிடட்டும். கடவுள் உங்கள் இருவரையும் கையில் வைத்துக் காக்கட்டும், நீ நினைப்பதெல்லாம் நல்லபடி நடக்கட்டும் என் கண்ணே. நன்றி நாளுக்கு வருவதாகச் சொன்னாய், லீவு கிடைத்தால் முன்னதாகவே வந்துவிடு. வீடு பூட்டியிருந்தால் பயப்படாதே, சாவி வழக்கமான இடத்தில்தான். நேரே ஓடை வழியாக மேலே வா. வரும்போது பாட்டுப் பாடிக்கொண்டோ சத்தம் போட்டுக்கொண்டோ வா, புதருக்குள் பேசாமல் நுழையாதே. உனக்கு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை வாங்கிக்கொண்டு வா. வீட்டில் இருப்பது ஒன்றுதான், அதை நான் போட்டிருப்பேன். அவருக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன், அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
லோர்னா