பெண் வீட்டாராக நான் ஒருத்தி

என் கோட்டில் இன்னும் லீக்ஸ் சூப் வாசனை அடிக்கிறது. வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி மாட்டும்போதுதான் தெரிந்தது. வெங்காயத்தாளை வெண்ணெயில் வதக்கினாற்போன்ற அந்த லேசான இனிப்பு வாசனை. உடனே உன்னிடம் பேச வேண்டும் போலிருந்தது. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ உட்காரும் நாற்காலியில் என் பையை வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இன்றும் ஆற்றுக்கு நடுவிலுள்ள இல்-பிசார் தீவுக்குப் போயிருந்தேன். நீ எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. உன் மாமியார் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. உன் வீட்டுக்காரர் ரெமி காரில் வந்து அழைத்துப் போகிறார், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறார். உன்னைப் போலவே அவரும் வழியெல்லாம் பேசுவார். நான் ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

பிரெஞ்சு பேசும் இந்த ஊருக்கு வந்து, நாம் இருவரும் கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் இந்த வீட்டை எடுத்தபோது நீ ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலையில் இருந்தாய். நான் கணக்கில் மேற்படிப்பு. இரண்டு வீட்டிலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆட்கள் நாம்தான். அது உனக்குத் தைரியத்தைக் கொடுத்திருந்தது. எனக்கு, எங்கே தப்பாக நடந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் கொடுத்தது. மூலைக்கடைக்குள் நான் சத்தமில்லாமல் நுழைந்து, வேண்டியதை எடுத்து, சத்தமில்லாமல் வெளியே வருவேன். ஒருநாள் பின்னாலிருந்து என் முதுகில் விரலால் குத்தினாய்.

"உள்ள நுழையறப்ப போன்ஜூர் சொல்லுடி. வாயத் தொறக்காமப் போனா திருட வந்தவள்னு நெனைச்சுக்குவான்."

நான் சொன்னேன். ஆறு மாதமாக என்னை நிமிர்ந்து பார்க்காத கடைக்காரர் அன்று சிரித்தார். ஒரு சொல்லுக்கு இவ்வளவு சிரிப்பா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ரெமியைக் கட்டிக்கொள்ளப் போவதாக நீ மதுரைக்கு எழுதியதும் உன் அப்பாவிடமிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. நீ அழுததை நான் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டைக் கழுவித் தள்ளியதைத்தான் பார்த்தேன். பிறகு ரெமியின் அம்மா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். நீ என்னைக் கூப்பிட்டாய்.

"ஒரு வீடு போச்சு. இவங்கம்மாவும் மூஞ்சியத் திருப்பினா எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம். ரெண்டு பக்கமும் ஆளில்லாம என்னடி கல்யாணம்? பொண்ணு வீட்டுலேர்ந்து ஒருத்தராவது வரணும்ல. நீ வா."

"நானா?"

"நீதான். எங்கம்மா, எங்கத்தை, எங்க சித்தப்பா எல்லாம் நீதான். மீசை மட்டும் வெக்க வேணாம்."

பெண் வீட்டார் வெறுங்கையோடு போகலாமா? தேங்காய்க்காகச் சந்தை முழுக்க அலைந்தோம். கிடைத்த ஒன்றும் உலுக்கினால் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. ஆனால் காய்கறிக் கடை வாசலில் சாமந்தி வரிசை வரிசையாகத் தொட்டிகளில் பூத்து நின்றது. மஞ்சள் சாமந்தி! அக்டோபர்க் குளிரில், இந்த ஊரில்! நீ கைதட்டியே விட்டாய். இருப்பதிலேயே பெரிய தொட்டியைப் பொறுக்கினாய். அதிலிருந்து இரண்டு பூவைக் கிள்ளித் தலையிலும் வைத்துக்கொண்டாய். "இப்பத்தான் கல்யாணக் களை வந்துருக்கு" என்று கடைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாய். அப்போது ரெமி பக்கத்தில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். அவர் அம்மாவுக்கு உதவியாகக் காலையிலேயே போய்விட்டார். நாம் பஸ் மாறி மாறி, தொட்டியை மடியில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனோம்.

கதவைத் திறந்ததும் ரெமியின் அம்மா இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உன்னிடம் வந்தார். பாதியில் நின்றார். தொட்டியைப் பார்த்தார். உன் தலையைப் பார்த்தார். பின்னால் ரெமியின் முகம் வெளுத்ததை நான் கவனித்தேன். அடுத்த நொடி அவர் அம்மா சமாளித்துக்கொண்டு உன் இரு கன்னங்களிலும் கன்னம் வைத்தார். என்னிடமும் வந்தார். நான் தந்திக்கம்பம் மாதிரி நின்றதில் என் மூக்குக்கண்ணாடி அவர் நெற்றியில் இடித்தது. தேங்காயை வாங்கி உள்ளே வைத்தார். தொட்டியை மட்டும் ரெமியிடம் காட்டி, "அது வெளியே இருக்கட்டும், குளிரைத் தாங்கும்" என்றார்.

செருப்புகளைக் கழற்றும் சாக்கில் நீ என் காதோரம் குனிந்தாய். "சீரை வாசல்லயே வெச்சுட்டாங்கடி. முடிஞ்சு போச்சு."

சூப் வந்தது. கரண்டிகள் மட்டும் பேசின. கோழியும் ரொட்டியும் வந்தன. ரொட்டியை ஒற்றைக் கையால் பிய்க்க முடியாமல் நான் போராடிக்கொண்டிருந்தேன். ரெமியின் அம்மா சற்று நேரம் என்னையே பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "உனக்கு இடக்கையில் அடி பட்டிருக்கிறதா?"

எனக்கு விளங்கவில்லை. என் இடக்கை மடியில், முந்தானைக்குள் இருந்தது. சாப்பாட்டில் அது வேறு எங்கே இருக்கும்?

நீ குபீரென்று சிரித்துவிட்டாய். ரெமி சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே, எங்கள் ஊரில் இடக்கையைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது மரியாதையில்லை என்றேன். தான் பிறந்த பிரான்ஸில் இரண்டு கையும் மேசைமேல் தெரிய வேண்டும் என்றார் அவர். "இல்லாவிட்டால், மேசைக்கடியில் இவள் என்ன செய்கிறாள் என்று மற்றவர்கள் யோசிப்பார்கள்."

வாய் திறந்தாயிற்று. இனி மூடினால் மறுபடி திறக்காது என்று எனக்குத் தெரியும். நான் இடக்கையை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, எங்கள் பூவை ஏன் வெளியே வைத்தீர்கள் என்று கேட்டேன்.

ரெமி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அவர் அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"எங்கள் ஊரில் அது இறந்தவர்களுக்கான பூ. இந்த ஊர்க்காரர்கள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எனக்கு அப்படியில்லை. அடுத்த வாரம் புனிதர்கள் பெருநாள். என் கணவரின் கல்லறைக்கு நான் கொண்டுபோவது அந்தப் பூதான். கதவைத் திறந்தால் அது ஒரு சின்னப் பெண்ணின் தலையில் இருக்கிறது."

உன் கை தலைக்குப் போயிற்று. பிடுங்கப் போனாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். என் பிரெஞ்சில் அன்று எத்தனை ஓட்டை இருந்ததோ, தெரியாது. ஆனால் சொன்னேன்: "எங்கள் ஊரில் இந்தப் பூ இல்லாமல் கல்யாண வீடு இல்லை. இவளுடைய அம்மா வந்திருந்தால் இதைத்தான் கொண்டுவந்திருப்பார். அவர் வர முடியவில்லை. அதனால் நான் வந்தேன். நான்தான் இவள் வீடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன வயது?"

"இருபத்து நான்கு."

"இந்த வயதில் இவ்வளவு பெரிய மகளா?"

சாப்பாட்டின் நடுவில் மேசையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று ரெமியைச் சிறுவயதில் அதட்டி வளர்த்தவர் அவர். எழுந்து போய்த் தொட்டியைத் தூக்கிவந்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பாலாடைக்கட்டி வந்த பிறகு உன்னைப் பார்த்துச் சொன்னார்: "பெருநாளன்று நீயும் வா. அவருக்கும் பெண்ணைக் காட்ட வேண்டும், இல்லையா?"

திரும்பும் வழியில் நீ ரெமியின் காரில், பின்சீட்டில் என் தோளில் சாய்ந்துகொண்டாய். "ஊமைக் கோட்டான்னு நெனைச்சேன். சரியான சம்பந்தியம்மாடி நீ."

கல்லறைத் தோட்டத்தில் அவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு கல்லோடு வெகுநேரம் பேசினார். காற்றில் உனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றாய். காற்று வீசிய பக்கம் நின்ற எனக்குக் கேட்டது. உன் சிரிப்பைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு உனக்கு அந்த வீடு நிலைத்தது. பண்டிகையானாலும், ரெமியோடு உனக்குச் சண்டையானாலும், "பெண் வீட்டாரைக் கூப்பிடு" என்று என்னைத்தான் அழைப்பார்கள். ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாட்களில்கூட வருகிறவர்களிடம் ரெமியின் அம்மா என்னைத் தோழி என்று சொன்னதில்லை, மருமகளின் வீட்டார் என்றே சொன்னார்.

இன்று சாப்பாடு முடிந்ததும் ரெமி காப்பி போடப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. அவர் அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரெமிக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் வேலையாம். நல்ல பெண்ணாம். ஆனால் இன்னும் அவளை வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

"ஏன்?" என்றேன்.

"உங்கள் வழக்கம் எனக்குத் தெரியாதா? பெண் வீட்டாரைக் கேட்காமல் எப்படிக் கூப்பிடுவது?"

நான் மேசைமேல் கிடந்த ரொட்டித் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டில் போட்டேன். சமையலறையில் கோப்பைச் சத்தம் நின்றுபோயிருந்தது. ரெமி அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அந்த மனிதர் இந்த இரண்டு வருடத்தில் எவ்வளவு இளைத்துவிட்டார் என்பது உனக்குத் தெரியாது. நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

இன்று எனக்கென்று ஒரு பதில் இருந்தது, உன் இடத்தை யாருக்கும் விட மனமில்லாத பதில்; உனக்கென்று ஒரு பதில் இருந்தது. உன்னுடையதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அடுத்த ஞாயிறு வரச் சொல்லுங்கள்" என்றேன். "ஆனால் எங்கள் பக்கத்தில் முதலில் பெண் பார்க்க வேண்டும்."

அவர் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து கோப்பைச் சத்தம் மறுபடி கேட்டது.

நீ இருந்திருந்தால், "ஒரு சரி சொல்ல இவ்வளவு நேரமாடி?" என்றிருப்பாய்.