அக்கா எடுத்துவிட்ட தொட்டில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

என்ன வேலை என்று கேட்டிருந்தீர்கள். ஆன்லைன் கடைகள் தங்கள் பொருட்களின் படம், விலை, இருப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக அனுப்பும். அதற்கு 'ஃபீட்' என்று பெயர். அதை எங்கள் இணையதளத்தில் ஏற்றுவோம். எங்கள் வழியாக யாராவது வாங்கினால் எங்களுக்குக் கமிஷன்.

போன வாரம் ஒரு கடையின் ஃபீடில் வந்த குழந்தைத் தொட்டில் சக்கைப்போடு போட்டது. அதன் கம்பி கழன்று விழுகிறது என்று வாங்கிய ஒருவர் எங்களுக்கு எழுதினார். எங்கள் பிரிவுத் தலைவியை எல்லோரும் அக்கா என்போம். அவர் உடனே தொட்டிலை எங்கள் தளத்திலிருந்து எடுத்துவிட்டார். ஆனால் அதே ஃபீட் வேறு தளங்களுக்கும் போகிறதே. கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"திங்கட்கிழமை பார்க்கலாம்மா" என்றார் அவர்.

"அதுவரைக்கும் குழந்தைங்க தூங்காம இருக்குமாங்க? நீங்க நீக்கலைன்னா உங்க கடையையே எங்க தளத்திலிருந்து எடுத்துடுவேன்."

அந்தக் கடைதான் எங்களுக்குப் படியளக்கிறது. பக்கத்தில் நின்ற எங்கள் முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அக்கா அசரவில்லை. மாலைக்குள் கடைக்காரர் தொட்டிலை நீக்கி, வாங்கியவர்களுக்கெல்லாம் தகவலும் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவரிடம் வேலை கற்கிறேன் என்பதே எனக்குப் பெருமை அப்பா.

என் நீலப் போர்வையை அனுப்புங்கள். அம்மா போன் பேசும்போது அடுப்படியை விட்டு வெளியே வரவேண்டாம். பாத்திரச் சத்தம் கேட்டால் எனக்கு இங்கே சாப்பாடு இறங்கும்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உங்கள் மகள்