ஜெரோடிச்சுக்கு எந்தக் கடிகாரம்

அன்பு மகள் ஜெரோடிச்சுக்கு, கென்யா, இட்டெனிலிருந்து எஸ்ரா சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் சித்தியும் மாடுகளும் உயிரோடுதான் இருக்கிறோம். அங்கே ஜப்பானில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, கர்த்தர் கைக்குள் பத்திரமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். மழை பிந்திவிட்டதால் சோளம் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. உன் சித்திக்கு இடுப்பு வலி, ஆனால் என்னைத் திட்டும் குரலில் ஒரு குறையும் இல்லை. உன் அணியில் ஓடும் சாலினா விடுமுறை முடிந்து நாளை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தையும் தேயிலையையும் கொடுத்தனுப்புகிறேன்.

ஓடும்போது வேகம் காட்டும் கடிகாரம் எது வாங்கட்டும் என்று கேட்டு நீ அனுப்பிய குரல் செய்தியைக் கடைத்தெருவில் ஒருவர் விடாமல் எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன். கமரினி மைதானத்தில் பதினோரு வருஷம் நிறுத்துக்கடிகாரம் பிடித்த என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பாய், உலகத்தை ஜெயித்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டைவிரலுக்குப் பயந்து ஓடியவர்கள்தானே. முடிவெட்டுகிற செரோப் மட்டும், "போன வாரம் கால்வாசின்னே, இப்போ பாதியா? அடுத்த வாரம் மான்குட்டியையும் சேத்துக்குவியா?" என்றான். அவனை விடு. நான் சொல்வதைக் கேள். தொட்டால் மாறும் கண்ணாடி வேண்டாம், வியர்வை விரலுக்கு அது பேசாது, பொத்தான் இருப்பதாகப் பார். அந்தந்த நொடியின் வேகத்தை நம்பாதே, மரத்தடியில் போனால் அது வெறி பிடித்த ஆடு மாதிரி குதிக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரி காட்டுவதே சரி. கிளம்பும் முன் வெட்டவெளியில் நின்று அது வானத்துச் செயற்கைக்கோளைப் பிடிக்கும்வரை அசையாதே. எண் பெரிதாக இருக்கட்டும். தங்க நிறத்தில் வாங்கிவிடாதே, மினுக்குகிற கடிகாரம் கட்டி ஜெயித்த ஒருவரையும் என் பதினோரு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் இதில் எதையும் இப்போது வாங்காதே மகளே. செய்தியின் கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் காசளவு இடத்தில் விரல் வைத்தால் உயிர் போகிறது, படுத்தாலும் வலிக்கிறது, பதினெட்டு நாளில் தேர்வு ஓட்டம் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்று. அதை நான் காதில் வாங்கவே இல்லை, கடிகாரப் பெருமையில் இருந்தேன். உள் அறையில் படுத்திருந்த உன் அண்ணன் கிப்ரோனோதான், "சித்தப்பா, அந்தக் கடைசியை மறுபடி போடு" என்றான். மூன்று தடவை போடச் சொன்னான். நான் உடனே உன்னைக் கூப்பிட்டு ஓடாதே என்றேன், நீ, "எல்லாருக்கும் வலிக்குது சித்தப்பா, நீங்க கடிகாரத்தைச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாய். அப்போது கிப்ரோனோ, "போன்ல நீ கதையா அடிச்சு அவளைச் சிரிக்க வச்சிடுவ, உக்காந்து எழுது. நடந்ததை எழுது. ஒண்ணும் கூட்டாதே" என்றான்.

உன் அண்ணன் மழைச் சாலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தான் என்று உனக்குச் சொன்னோம். அது பொய். அவனுக்கும் அதே எலும்பு, அதே காசளவு வலி. ஐரோப்பாவில் நடக்கவிருந்த மராத்தானில் முன்னே ஓடி மற்றவர்களுக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. அவன் கைக்கடிகாரத்தின் கணக்கு தினமும் போன் வழியாக அங்கே இருக்கும் மேனேஜருக்குப் போகும், ஒரு வாரம் வெறுமையாக இருந்தால் வேறு ஆள். இங்கேதான் ஒரு கடிகாரத்தை ஏழு பேர் மாற்றி மாற்றிக் கட்டுவோமே. அவனைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு அவன் கடிகாரத்தை அவன் கூட்டாளி சிலா கையில் கட்டிவிட்டேன். யோசனை என்னுடையது. ஊரில் வேறு எவனுக்கும் இந்த மூளை வராது என்று சித்தியிடம் சொன்னேன். மூன்று வாரம் சிலா ஓடினான், கணக்கு கிப்ரோனோ பேரில் போனது. மேனேஜர், "இந்த மாதிரி நீ ஓடினதே இல்ல" என்று பாராட்டினாராம். மூன்று வாரம் படுத்ததில் வலி கொஞ்சம் அடங்கவும், ஆறிவிட்டது என்று அனுப்பி வைத்தேன். இருபத்திமூன்றாவது கிலோமீட்டரில் எலும்பு முறிந்தது. காய்ந்த கிளை ஒடிவதுபோல் கேட்டதாம், பின்னால் வந்த இரண்டு பேர் அவன்மேல் விழுந்தார்களாம்.

இரண்டு தடவை அறுத்துத் தகடு வைத்தும் எலும்பு சேரவில்லை, உள்ளே சீழ் வைத்து இப்போது ஒரு கால் குட்டை, கக்கத்தில் கோல். எல்டோரெட் ஆஸ்பத்திரி டாக்டர், மூன்று வாரம் போதாது, இன்னும் சில மாதம் ஓட்டத்தை நிறுத்திக் காலுக்கு ஓய்வு கொடுத்திருந்தால் தானாகவே சேர்ந்திருக்கும் என்றார். காலை ஆறு மணிக்கு ஓட்டக்காரர்கள் கூட்டமாக நம் வாசலைத் தாண்டும்போது கிப்ரோனோ எழுந்து ஜன்னலைச் சாத்துகிறான். சிலா தினமும் விடியலில் வந்து நம் மாட்டைக் கறந்து வைத்துவிட்டுப் போகிறான், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. நான் இப்போதும் கடைத்தெருவுக்குப் போகிறேன், சிரிக்கிறேன், வேறென்ன செய்ய.

மகளே, சாதாரண எக்ஸ்ரேயில் இந்த வெடிப்பு முதலில் தெரியாதாம், உள்ளே வரை காட்டும் பெரிய ஸ்கேன் எடுக்கச் சொல். உன் பயிற்சியாளரிடம் வலியை மறைக்காதே. பிறகு கடிகாரம் வாங்கினாலும் அதை வேறு யார் கையிலும் கட்டாதே, சாலினா கையிலும்கூட. தேர்வு போனால் போகட்டும், திருப்பி அனுப்பினால் வா, இரண்டு காலோடு வா, எல்டோரெட் விமான நிலையத்தில் நானே வந்து நிற்பேன். உன்னைத் தவிர ஓடுகிற பெண்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், எங்களுக்கு நீ ஒருத்திதான். கர்த்தர் உன் எலும்புகளை ஒவ்வொன்றாகக் காக்கட்டும்.

இதை மடிக்கும் முன் கிப்ரோனோ வாங்கிப் படித்தான். இந்தப் பக்கத்தில் மையால் அடித்திருக்கும் வரி, 'அடுத்த வருஷம் உன் அண்ணன் மறுபடி ஓடுவான்' என்று நான் எழுதியது. அடித்தவன் அவன்.

இப்படிக்கு,
உன் காலைப் பற்றிய செய்திக்குக் காத்திருக்கும்
சித்தப்பா எஸ்ரா