அம்மை குத்தப் போன ஊர்களில் சாப்பிட்டது

கொல்லம் ஆண்டு 1105 மாசி 6, திங்கள்

காலையிலேயே சுள்ளென்று வெயில். நாகர்கோவிலிலிருந்து மோட்டார் பஸ். கையில் ஊசிப் பெட்டி, அம்மைப்பால் குழாய்கள் (ஈரத்துணி சுற்றியது), பதிவுப் புத்தகம், மாற்று வேட்டி இரண்டு. இந்தத் தடவை கடற்கரைப் பக்கம், பதினாறு நாள். சர்க்கார் கொடுக்கிற பயணப்படிக்கு மலிவான கடைகள்தான் விதி.

திங்கள்சந்தையில் இறங்கி ஓட்டலுக்குப் போனேன். முன்கூடத்தில் உட்கார என் ஜாதிக்கு இடமில்லை; பின்னால் தாழ்வாரச் சார்ப்பில் இலை. பக்கத்தில் பாத்திரம் கழுவும் குழி. பரிமாறியவனுடைய கட்டைவிரல் முழுசாக ரசத்துக்குள். நகத்தைச் சுற்றிக் கறுப்பு. விரலைக் காட்டிச் சொன்னேன்.

"சூடு இல்ல அண்ணாச்சி, வெரலு பொள்ளாது" என்றான்.

மோரில் ஈ. எடுத்துப் போட்டேன். அடியில் இன்னொன்று. மோரையே விட்டுவிட்டேன்.

மாசி 7, செவ்வாய்

மணவாளக்குறிச்சி. தலைவலி. வீடு வீடாக. என்னைக் கண்டதும் பிள்ளைகளை ஓலைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்துவிடுகிறார்கள். ஒரு தாய், "இவனுக்கு நேத்தே குத்தியாச்சு" என்கிறாள். நான் வந்ததே இன்றைக்கு.

மத்தியானம் சந்திப்பில் ஒரு கடை. மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். சாப்பாட்டில் கிடந்தவை:

தலைமுடி ஒன்று, நீளம், நரை.
கிழங்கில் கறுப்பு நரம்பு. கசப்பு.
குழம்பில் பீடித்துண்டு.

துண்டை எடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். "மீனு தின்னுருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவேதான் சொன்னார்.

சாயந்திரம் வயிறு. மூன்று தடவை.

மாசி 8, புதன்

காற்றே இல்லை. கரிமணல் சுமக்கும் ஆட்களைப் பாதையில் மறித்துக் குத்த முயன்றேன். பாதிப் பேர் ஓட்டம். லாசர் என்று ஒருவர், நாற்பது வயதிருக்கும், கூடையை இறக்காமலே நின்று பேசினார்.

"எனக்கு அம்மையும் வராது, மண்ணாங்கட்டியும் வராது. சாருக்கு மொகம் வாடிக் கெடக்கே, வயிறு செரியில்லியா? திரேசம்மா கடைக்குப் போங்க. நாங்க எல்லாரும் அங்கதான்."

போனேன். வீட்டை ஒட்டி ஓலைக் கொட்டகை. மெழுகின தரை. கழுவின இலை. சிவப்பரிசிச் சோறு, தேங்காய் அரைத்த சாளைமீன் குழம்பு, மாங்காய்க் கீற்று. திரேசம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். முகத்தில் பழைய அம்மைத் தழும்பு. ஒற்றை ஆளாக எல்லாம் செய்கிறாள்.

"வீட்டுக்காரர்?" என்று கேட்டேன்.

"கொல்லத்துக்கு வேலைக்குப் போயிருக்காரு." உடனே, "வெள்ளம் வேணுமா சாரே?"

இரண்டு தடவை சோறு வாங்கினேன். அருவருப்பாக எழுத இன்று ஒன்றும் இல்லை.

மாசி 9, வியாழன்

அதே கடை. இலையில் குழம்பு விழுந்த சமயம் உள்கதவுப் பக்கமிருந்து ஒரு வாடை. மீன் வாடை அல்ல. பதினொரு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன்; பழுத்த அம்மைக்கு மட்டும்தான் அந்த வாடை.

எழுந்து போய்க் கதவைத் திறந்திருக்க வேண்டும். சோறு பிசைந்திருந்தது. குழம்பு நன்றாக இருந்தது. வெறும் சந்தேகம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணல் ஆட்கள் இருபது பேருக்கு மேல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். இலையை வழித்து.

சாயந்திரம் வரைக்கும் வாய் கொப்பளித்தேன். போகவில்லை.

மாசி 10, வெள்ளி

கடை திறக்குமுன் பின்பக்கமாகப் போனேன். கதவு திறந்திருந்தது. வாழையிலை மேல் ஓர் ஆள். முகத்தில் இடைவெளி இல்லாமல் அம்மை. இமைகள் ஒட்டிக் கிடந்தன. தலைமாட்டில் செபஸ்தியார் படம், விளக்கு. அந்த அறைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரு பாய்தான் மறைப்பு. வேப்பங்குலையால் வீசிக்கொண்டிருந்த திரேசம்மாள் எழுந்து நின்றாள்.

"கொல்லத்தில் இருக்கிறவர் இவரா?"

ஆமென்று தலையாட்டினாள்.

"எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு. எனக்குச் சின்னதிலேயே வந்து போயாச்சு சாரே, இனி வராது. சோறு நாந்தான் வைக்கேன். இவரு அடுக்களைப் பக்கம் வரல்ல."

"இவரைத் தொட்டு எடுக்கிற கையாலேதானே சோறு விளம்புகிறாய்?"

"கழுவிட்டுத்தான். கடையப் பூட்டினா இவருக்குக் கஞ்சிக்கு எங்க போவேன்? வெளிய தெரிஞ்சா அம்மை ஷெட்டுக்குக் கொண்டுபோவிய. அங்க போனவன் எவன் திரும்பி வந்தான்?"

கோபத்தில் என் குரல் உயர்ந்தது. ஊரையே கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்டேன். என்னை நேராகப் பார்த்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"நேத்தே ஒங்களுக்குத் தெரியும். மூக்கைச் சுருக்கினிய, நான் பாத்தேன். சோத்த வச்சிட்டு எந்திரிக்கல்லியே."

 வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, வெறும் பித்தநீர்.

இன்ஸ்பெக்டருக்குத் தகவல் எழுதி ஆள் மூலம் அனுப்பினேன். மத்தியானம் மணல் ஆட்கள் சாப்பிட வந்தபோது கடைவாசலில் ஊசியோடு நின்றேன். சோறு கிடையாது, உள்ளே அம்மை, கையை நீட்டுங்கள் என்றேன். வசவு. ஒருவர் மண்ணை வாரி என் பெட்டி மேல் எறிந்தார். இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். அப்போது திரேசம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"சாரு சொல்லது நெசம் மக்கா. நான் ஒளிச்சு வச்சேன். என்னை ஏசுங்க, கையை நீட்டுங்க."

யாரும் ஏசவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். இருபத்து மூன்று பேர். கடைசியில் லாசர்.

"அப்போ பன்னெண்டு நாளா நாங்க தின்னது?" என்று கேட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மாசி 11, சனி

காலையில் வண்டி வந்தது. அம்மை ஷெட் ஒன்றரை மைல். வண்டிக்காரர் தொடமாட்டேன் என்றார். நானும் திரேசம்மாளும்தான் மிக்கேலை (புருஷன் பெயர்) பாயோடு தூக்கி ஏற்றினோம். கொட்டகையில் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பானைகளை உடைக்கச் சொன்னேன். அவளே உடைத்தாள்.

ஷெட்டில் ஒன்பது பேர். கஞ்சியை வாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு ஆள் ஓடிவிடுகிறான். வாளியை எட்டிப் பார்த்தேன். புழுத்த அரிசி. மேலே ஆடை கட்டி, அதில் எறும்பு. எழுந்து வர முடிந்தவர்கள் வந்து குடிக்க வேண்டும். முடியாதவர்களுக்கு இல்லை. இத்தனை வருஷம் எத்தனை பேரை இங்கே அனுப்பியிருக்கிறேன். வாசலுக்கு உள்ளே வந்து பார்த்தது இன்றுதான்.

"எனக்கு வராதுன்னு சாருக்கே தெரியும். என்ன உள்ள விடுங்க. ஒம்பது பேருக்கும் நான் கஞ்சி வைக்கேன்" என்றாள், வண்டிக்குப் பின்னால் நடந்தே வந்திருந்த திரேசம்மாள்.

விதியில் அப்படி ஒன்றும் இல்லை. 'சமையலுக்கு ஒரு பெண், அம்மை கண்டு தேறியவள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் என்ன சொல்வாரோ. நல்ல அரிசி கேட்டும் எழுதினேன்.

மாசி 21, செவ்வாய்

மேகம் போட்டுப் பெய்யாமல் போயிற்று. குத்து வேலை இன்றோடு முடிவு. பெட்டியைக் கட்டிவிட்டு ஷெட்டுக்கு நடந்தேன்.

நல்ல அரிசி வந்திருக்கிறது, பாதியாவது. மிக்கேல் உட்கார்கிறார். இடது கண் போய்விட்டது. மணல் ஆட்களில் மூன்று பேருக்கு அம்மை கண்டது. இரண்டு பேர் தேறுவார்கள் போலிருக்கிறது. லாசர் நேற்றுச் செத்துப்போனார். ஊசி அவருக்கு ரொம்பப் பிந்திவிட்டது. அந்த வியாழக்கிழமையே சோற்றை வைத்துவிட்டு நான் எழுந்திருந்தால்? ஒரு நாளில் என்ன ஆகியிருக்கும். தெரியாது. தெரியாது என்று எழுதுவது எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது.

திரேசம்மாள் வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றாள். மெலிந்துவிட்டாள். லாசரைக் கடைசியில் துடைத்துக் கிடத்தியது அவள்தானாம். அவருடைய பெண்சாதி முகத்தில் இனி எப்படி முழிப்பேன் என்றாள்.  

பிறகு அவள், "சாப்பிட்டியளா சாரே?" என்று கேட்டாள்.

ஆச்சு என்றேன். ஆகவில்லை.