ஜேபி வெளிநாடு இல்லையாம்

மார்ச் 2, ஞாயிறு

ஆஸ்திரேலியாவிலிருந்து அழைப்பு வந்ததிலிருந்து அப்பா விசிலடித்துக்கொண்டே குளிக்கிறார். பொறியாளர்களுக்கான குடியேற்ற விசா. இரண்டு மாதத்துக்குள் எல்லாப் படிவங்களையும் அனுப்ப வேண்டும். ஆகஸ்டில் அவருக்கு நாற்பத்தைந்து முடிகிறது. அதன்பிறகு இன்னொரு அழைப்பு வராது. இந்த ஒன்றுதான்.

எனக்கும் ஒரு வேலை. பத்து ஆண்டுகளில் நாங்கள் நான்கு பேரும் போன நாடுகள், போன தேதி, திரும்பிய தேதி, காரணம், எல்லாவற்றையும் படிவத்தில் தட்ட வேண்டும். "உனக்குத்தான் பொறுமை இருக்கு, கவி. ஒண்ணு விடாம போடு." பெருமையாக இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்த இரண்டு நாவல்களையும் ஒதுக்கிவிட்டு பாஸ்போர்ட்டுகளோடு உட்கார்ந்தேன். பினாங்கு. திருச்சி, மாமா கல்யாணம். பாலி. (அங்கே அப்பாவுக்கு வயிற்றுப்போக்கு. அதை எழுதவில்லை.)

"ஜேபி?" என்று கேட்டேன்.

அப்பா சிரித்துவிட்டார். "ஜேபி எல்லாம் வெளிநாடா? ஈசூன்காரனுக்கு அது பக்கத்து புளோக் லா."

நானும் சிரித்தேன். உண்மைதான், எங்கள் ஈசூனிலிருந்து ஜேபிக்கு, அதாவது ஜொகூர் பாருவுக்குப் போய் மீன் வாங்கி வந்துவிட்டு 'வெளிநாடு போனேன்' என்று இங்கே யாரும் சொல்வதில்லை. இப்போதெல்லாம் முத்திரைகூடக் குத்துவதில்லை. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாதானே?

மார்ச் 8, சனி

வழக்கம்போல அம்மா, நான், தங்கை இனியா. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி, 950 பேருந்து, வியர்வை நாற்றம், வரிசை. இனியா பாஸ்போர்ட் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு வருடமாக எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான். இங்கே இதே பேச்சுப் பயிற்சிக்குப் பணம் கட்டி மாளாது.

இனியாவுக்கு ஏழு வயது. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வாள், தானாகச் சொல்வது குறைவு. சிக்கு ஜைனப் அவளோடு தரையில் படுத்துக்கொண்டு படம் காட்டிப் பேசவைக்கிறார். (மலாயில் டீச்சரை 'சிக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.) இன்று இனியா தண்ணீர்ப் புட்டியைப் பார்த்து, யாரும் கேட்காமலே, "தண்ணி வேணும்" என்றாள். அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். "ம்ம், அவளுக்குக் கூச்சம், அவ்வளவுதான்" என்றார். இரண்டு வருடமாக இதையேதான் சொல்கிறார். ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தேக்காவில், பஃப்ளோ ரோட்டுப் பூக்கடைக்கு மேலே, விசா ஆலோசகர் சுரேந்தரின் அலுவலகம். வடை தின்றுகொண்டே எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் புரட்டினார். விரலை நக்குவார், பக்கத்தைத் திருப்புவார், மறுபடி நக்குவார். இனியாவின் படத்துக்கு மேலே அவருடைய கட்டைவிரல் எண்ணெய்!

கெட்டிக்காரி மாதிரி நானேதான் கேட்டேன். "அங்கிள், ஜேபி போனதையும் எழுதணுமா? எல்லா வாரமும் போறோம்."

"எதுக்குமா எல்லா வாரமும்?"

"இனியாவுக்கு ஸ்பீச் தெரப்பி."

அப்பா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். சுரேந்தர் வடையைக் கீழே வைத்தார்.

"சார், இத ஏன் முன்னாடியே சொல்லல? பிள்ளைக்கு வைத்தியச் செலவு ஜாஸ்தி ஆகும்னு நெனச்சாங்கன்னா மொத்தக் குடும்பத்துக்கும் விசா இல்ல. தெரியும்ல?" பிறகு சிரித்தார். பல்லில் பருப்பு. "ஜேபி எல்லாம் யாரு சார் எழுதுறா? ஸ்டாம்ப்பும் இல்ல. எழுதலன்னா தெரப்பியும் இல்ல. பாப்பாவுக்குக் கூச்சம். ஓக்கே?"

"ஓக்கே" என்றார் அப்பா.

அம்மா கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் அப்பா 'ஜேபி எல்லாம் வெளிநாடா?' என்றபோது நான் சிரித்தேனே!

மார்ச் 11, செவ்வாய்

'வேறு பயணங்கள்: இல்லை.' நான்தான் தட்டினேன். போய்க் கை கழுவினேன். சோப்புப் போட்டு.

மார்ச் 15, சனி

விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை முடியும்வரை ஜேபி வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னார். இனியாவிடம் யார் சொல்வது?

காலையில் எழுந்து வந்தால் அவள் வாசல் கம்பிக்கதவருகே நிற்கிறாள். இரண்டு காலிலும் ஷூ. கழுத்தில் பை. பையில் ஒன்றும் இல்லை, பாஸ்போர்ட்டுகளை அப்பா பூட்டி வைத்துவிட்டார். "சிக்கு. சிக்கு. சிக்கு." பத்து மணிவரை நின்றாள். பிறகு அங்கேயே உட்கார்ந்து தலையைக் கம்பியில் மோதினாள்.

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

ச்சீ.

மார்ச் 19, புதன்

பள்ளி விடுமுறை. என்னை டீச்சராக்கிவிட்டார்கள். டாக்டர் கேட்டால் இனியா பதில் சொல்ல வேண்டுமாம். அப்பா ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதித் தந்திருக்கிறார். மை நேம் இஸ் இனியா. ஐ ஆம் செவன். ஐ லைக் கேட்ஸ். சரியாகச் சொன்னால் ஒரு சாக்லேட்.

"உன் பேரு என்ன?"

"உன் பேரு என்ன."

"இல்லடா, பதில் சொல்லு. மை நேம்..." அப்பா சாக்லேட்டை உயர்த்திப் பிடிக்கிறார். அவள் கண் அதிலேயே இருக்கிறது. சிக்கு ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை. நாயைப் பழக்குகிற மாதிரி. நாயைக்கூட யாரும் பொய் சொல்லப் பழக்கமாட்டார்கள்.

"இது வேணாம்ப்பா" என்றேன்.

"உனக்கும் சேர்த்துத்தான்டீ இதெல்லாம்! தோட்டம் வச்ச வீடு வேணாமா? புத்தகம் வைக்கத் தனி ரூம் கேட்டது யாரு?"

கேட்டேன்தான். அந்த அறையை நினைத்தால் இப்போது அதில் வடை வாசனை வருகிறது.

மார்ச் 27, வியாழன்

எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு பூனையிடம் இனியா, "மை நேம் இஸ் இனியா, ஐ ஆம் செவன்" என்றாள். அப்பா ஓடிப்போய்க் கைப்பேசியில் படம் எடுத்தார். 'தண்ணி வேணும்' போய்விட்டது. இப்போது தாகம் என்றால் என் கையை எடுத்துப் புட்டிமேல் வைக்கிறாள், பழையபடி.

ஏப்ரல் 4, வெள்ளி

பரிசோதனை. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வயதான சீன டாக்டரம்மா. எடை, கண், காது. பிறகு பெயர் கேட்டார். இனியா மூன்று வரியும் பிசகாமல் சொன்னாள். அப்பாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. டாக்டர் "வெரி குட் கேர்ல்" என்று சொல்லி, அடையாளம் சரிபார்க்க எங்கள் பாஸ்போர்ட்டுகளை மேசையில் வரிசையாக வைத்தார்.

அவ்வளவுதான். இனியா நாற்காலியிலிருந்து இறங்கினாள். எண்ணெய்க் கறை பட்ட தன் பாஸ்போர்ட்டைச் சரியாக எடுத்தாள். எடைபார்க்கக் கழற்றிய ஷூவைத் தேடிப் போட்டாள், இடம் வலம் மாறி. கதவருகே போய் நின்று, அந்த அறையே அதிரும்படி, "சிக்கு! ஜேபி! சிக்கு!"

அவளுக்குப் பாஸ்போர்ட் என்றால் பாலியும் இல்லை, ஆஸ்திரேலியாவும் இல்லை. அது ஒரே ஒரு இடத்துக்குப் போவதற்கு.

"ஜேபியில் எந்த டீச்சர்?" என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"டியூஷன்" என்றார் அப்பா. உடனே. மூச்சுக்கூட விடாமல். எப்படி அவ்வளவு சுலபமாக வருகிறது?

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அம்மா எழுந்தார். என் அம்மா, பேருந்தில்கூட மணியடிக்கக் கூச்சப்படுகிறவர். "ஸ்பீச் தெரப்பி, டாக்டர். டூ இயர்ஸ். எவ்ரி சாட்டர்டே." பிறகு போய்க் குனிந்து இனியாவின் ஷூவைக் கால்மாற்றிப் போட்டுவிட்டார்.

காரில் அப்பா: "கெடுத்துட்ட. எல்லாத்தையும் கெடுத்துட்ட."

அம்மா: "என் பிள்ளை வாசல்ல நிக்குதுங்க. மூணு வாரமா நிக்குது. நீங்க டிவி சத்தத்தக் கூட்டுனீங்க."

ஏப்ரல் 7, திங்கள்

சுரேந்தர் கூப்பிட்டார். அப்பா காரை ஓட்டிக்கொண்டிருந்ததால் ஒலிபெருக்கியில்.

"சார், ஒரு வழி இருக்கு. சின்னத ஊர்ல யாருகிட்டயாவது விட்டுடுங்க. உங்ககூட வரலன்னு காட்டிப் பாக்கலாம். ரெண்டு மூணு வருஷம்தானே?"

சின்னது.

இனியா பின்னிருக்கையில் என் பக்கத்தில் இருந்தாள். "சின்னத ஊர்ல" என்று திருப்பிச் சொன்னாள். தெளிவாக. "சின்னத ஊர்ல. சின்னத ஊர்ல."

அப்பா உடனே மறுக்கவில்லை. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும். சிக்னல் பச்சையாகி, பின்னால் ஒருவன் ஹாரன் அடிக்கும்வரை பேசாமல் இருந்தார். சன்னலைத் திறந்தேன்.

"வச்சுடுங்க, சுரேந்தர்" என்றார் பிறகு. "இனிமே கூப்பிடாதீங்க."

சொல்லிவிட்டார், சரி. ஆனால் அந்தச் சிக்னல் நேரத்தை என்ன செய்வது? அவர் யோசித்தார். நான் பார்த்தேன்.

ஏப்ரல் 12, சனி

ஜேபி. மறுபடியும் முதலிலிருந்து என்றார் சிக்கு ஜைனப். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஆஸ்திரேலியாவிலிருந்து மின்னஞ்சல். இனியாவுக்குச் சிகிச்சை தருபவரின் அறிக்கை வேண்டுமாம். பயணப் பட்டியலில் விடுபட்டவை இருந்தால் திருத்தி அனுப்பலாம். விசா கிடைக்குமா கிடைக்காதா என்று அதில் இல்லை. அப்பா விசிலடிப்பதை நிறுத்தி ரொம்ப நாளாயிற்று. சாப்பிடும்போது நான் அவரைப் பார்ப்பதில்லை. அவருக்கும் அது தெரியும்.

மே 10, சனி

அப்பாவும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை.

சோதனைச்சாவடியில் எந்த வரிசை, எந்தப் படி என்று அவருக்குத் தெரியவில்லை. இதே ஜேபிக்கு வாராவாரம் காரில் போய்ப் பெட்ரோல் போட்டு வந்தவருக்குப் பேருந்து வழி தெரியாது. இனியா அவர் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பயிற்சி அறையில் அவர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். சிக்கு அவரைத் தரையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தார். முழங்கால் மடங்காமல், கோமாளி மாதிரி. இனியா ஒரு மணி நேரத்தில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் என்னருகே நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவின் கைப்பேசிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சனிக்கிழமையாகத் தட்டினோம், அவர் பெட்ரோல் போடப் போனதையும் சேர்த்து. அவர் தேதியைப் படித்தார், நான் தட்டினேன்.

"அந்த டீச்சர் பேரு என்ன?"

இரண்டு வருடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஜைனப்" என்றேன்.

"ஜைனப்" என்றார், இனியாவைப் போலவே.

கடைசி வரிக்கு வந்ததும், "இன்னைக்குப் போனதையும் சேத்துடு" என்றார்.

"காரணம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும். அவர் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டேன்.

சமையலறையில் அம்மா குழாயை மூடினார்.

"இனியாவுக்கு ஸ்பீச் தெரப்பி" என்றார் அப்பா.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தட்டினேன்.