எந்த மின்சாரம்?

மார்ச் 6, வெள்ளி

உறுதியான செய்தி: என் கணவரின் வலது கட்டைவிரல் இன்று காலை அசைந்தது. ஆதாரம்: பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட், நேரில் பார்த்தவர். இரண்டாவது ஆதாரம் நான். மூன்றாமவர் கட்டைவிரலின் சொந்தக்காரர். அவர் சம்பந்தப்பட்ட கட்சி என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

"மடக்குங்க" என்றதும் மடங்கியது. "போதும்" என்றதும் நின்றது. நின்றதுதான் பெரிய விஷயம் என்றார் பிசியோ. தானாக வெட்டி இழுக்கிற தசை யார் சொன்னாலும் நிற்காதாம். சொன்னபடி நின்றால், மூளையின் பேச்சு கழுத்தைத் தாண்டிக் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போன வருடம் லிஃப்ட் பழுது பார்க்கும்போது குழிக்குள் விழுந்தார். கழுத்துக்குள்ளே தண்டுவடம் நசுங்கியது. அறுபடவில்லை, நசுங்கியது. இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதம் ஓட்டினோம். கால்களில் அசைவு இல்லை. தோள், முழங்கை சரி. மணிக்கட்டு அரைகுறை. விரல்கள், இன்று வரை ஒன்றும் இல்லை.

வேனில் திரும்பி வரும்போது கேட்டார்:

"என்ன நிருபரம்மா, தலைப்பு என்ன?"

"ஒத்தைப் பத்திச் செய்தி. உள்பக்கம்."

"அடிப்பாவி! முதல் பக்கம் கிடையாதா?"

"நாளைக்கும் அசையட்டும், பாக்கலாம்."

மார்ச் 7, சனி

அசைந்தது.

மார்ச் 9, திங்கள்

அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, இன்று மருத்துவமனைக்குத் துணைக்கு வந்தார். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், வாய்க்கு இல்லை. அவருக்காக மருத்துவர், இவர் சேர்ந்திருக்கும் ஆராய்ச்சியை முதலிலிருந்து விளக்கினார்.

பின்கழுத்தில் இரண்டு வில்லைகளை ஒட்டி லேசான மின்சாரம் விடுவார்கள். அது ஓடும்போதே கைக்குக் கடுமையான பயிற்சி. சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான மின்சாரம். மீதிப் பேருக்குப் பொய் மின்சாரம்: ஆரம்பத்தில் சுருக்கென்று ஒரு உணர்வு, பிறகு ஒன்றும் ஓடாது. பயிற்சி மட்டும் எல்லோருக்கும் ஒன்றே.

"அப்ப எங்க தம்பிக்கு நெசமா, பொய்யா?"

"எனக்கே தெரியாதும்மா."

"டாக்டர் நீங்க. உங்களுக்கே தெரியாதா?"

"தெரியக் கூடாது. தெரிஞ்சா, குணமாகணும்னு ஆசைப்பட்டு எல்லாமே குணமான மாதிரி தெரியும்."

அண்ணிக்கு இந்தப் பதில் பிடித்துவிட்டது. எனக்கும்தான். எங்கள் பத்திரிகை ஆசிரியர் குழு அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

அறுந்த இழை மறுபடி முழுசாக வளர்வது இன்னும் ஆய்வுக்கூடத்து ஆசைதான் என்றார் மருத்துவர். தப்பிப் பிழைத்த இழைகள் கிளைவிட்டு அந்த வேலையை எடுத்துக்கொள்ளுமா என்பதுதான் இங்கே கேள்வி.

"ஒரு கேபிள் போச்சுன்னா சுத்துவழியா லைன் குடுப்போமே, அந்த மாதிரி," என்றார் அண்ணி.

"கிட்டத்தட்ட."

வீடு வந்து சேரும்வரை இதே பேச்சு. "டாக்டரே ஒத்துக்கிட்டாங்க, பாத்தியா?"

மார்ச் 11, புதன்

இன்று அளவெடுப்பு. அளவெடுப்பவர் வேறு ஆள், இளைஞர், சிரிக்கவே மாட்டார். பயிற்சி அறையில் நடப்பது எதுவும் அவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் அவருடைய கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கண்கட்டு. அவரிடம் பேச அனுமதிக்கப்பட்ட ஒரே விஷயம் வானிலை.

"வெயில் ஜாஸ்தி," என்றார் இவர்.

"ஆமா சார். அழுத்துங்க."

"சாயங்காலம் மேகம் போடும்னு சொல்றாங்க."

"போடட்டும் சார். அழுத்துங்க."

அண்ணி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்ச் 21, சனி

நான் அலுவலகத்தில் இருந்தபோது அவருடைய வலது கால் போர்வையை உதைத்துத் தள்ளியிருக்கிறது. பார்த்தவர் அண்ணி. விளைவு: எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்திலிருந்து எட்டாவது மாடி வரைக்கும் கேக். நான் லிஃப்டில் ஏறும்போது முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்ப நடக்கப் போறாரு?" என்றார். கண் கலங்கியிருந்தார், பாவம்.

பிசியோவுக்குப் போன் செய்தேன். அது வெறும் இழுப்பு. மூளையைக் கேட்காமல் கால் தானாகச் செய்வது. ஒருகணம் நானும் நம்பிவிட்டேனோ? ஆமாம். மூன்றாவது மாடி வருகிற வரைக்கும்.

மறுப்புச் செய்தி வெளியிடுவது எப்போதும் தவறு செய்தவர் பொறுப்பு. அண்ணி ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கினார். "அது வேற, இது வேறயாம். கேக்கு உங்களுக்கே இருக்கட்டும்."

இவர் சிரித்த சிரிப்பில் காலுக்கு மறுபடி இழுப்பு வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

கம்பெனி மேலாளர் வீட்டுக்கு வந்தார். சுற்றி வளைக்காமல் பேசினார். லிஃப்ட் ஆய்வாளர் வேலை ஒன்று காலியாகிறது. சக்கர நாற்காலியில் இருந்தே செய்யலாம். ஆனால் கட்டுப்பாட்டுப் பெட்டியை ஆய்வாளர் தன் கையால்தான் திறக்க வேண்டும். சாவியை வேறு யார் கையிலும் கொடுக்கக் கூடாது, அது பாதுகாப்பு விதி. ஜூன் கடைசிவரை அவருக்காகக் காத்திருப்பார்களாம்.

"சாவி திருகணும். அவ்வளவுதானே?" என்றார் இவர்.

அவ்வளவுதான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சாவியைப் பிடித்துத் திருக வேண்டும். இப்போது ஒரு காகிதம்கூட நிற்கவில்லை.

மேலாளர் போன பிறகு வெகுநேரம் சாவியைப் பற்றியே பேசினார். எந்தப் பெட்டிக்கு எந்தச் சாவி, எது முரண்டு பிடிக்கும், எதற்கு எண்ணெய் விட வேண்டும். ஒரு வருடமாக இந்தக் குரலைக் கேட்கவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

பயிற்சி அறையில் ஒரு பலகை உண்டு. தாழ்ப்பாள், பூட்டு, குழாய்த் திருகு, சுவிட்ச் எல்லாம் அதில் பதித்திருக்கும். இவர் பூட்டைத் தவிர வேறெதையும் தொட மறுக்கிறார். பிசியோவுக்கு அவர் வைத்த பெயர் இன்னொருதரம், அந்தப் பெண் சொல்வதெல்லாம் அதுதான் என்பதால். இன்று அந்தப் பெண் பதிலுக்குச் சொன்னார்: "பூட்டு உடையற வரைக்கும் செய்வோம் சார். உடைஞ்சா உங்க கம்பெனியே வந்து மாட்டட்டும்."

ஏப்ரல் 27, திங்கள்

மாற்றம் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

மாற்றம் இல்லை. சாவி விழுகிறது, எடுத்துக் கொடுக்கிறோம், விழுகிறது.

இன்று நடைவழியில் மின்கருவியை அமைக்கும் தொழில்நுட்பர் என்னை நிறுத்தினார். பழைய பழக்கம், நான் மருத்துவமனைச் செய்திகள் பார்த்த காலத்திலிருந்து தெரியும். யாருக்கு எந்த மின்சாரம் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். "அக்கா, உங்களுக்குன்னா ஒரு வார்த்தை சொல்றேன். யாருக்கும் தெரியாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என்ன யோசனை? பொய் மின்சாரம் என்றால் பரவாயில்லை, உண்மையானது இனிமேல் கிடைக்கும். முடிவில் எல்லோருக்கும் கொடுப்பதாகத்தான் பேச்சு. ஆனா நெசமான கரண்டு ஓடியும் இவ்வளவுதான்னா? அப்புறம் எதை நம்பி இவரைக் காலையில எழுப்புறது? தெரிஞ்சுக்கிட்டா ஒரேயடியா மனசு ஆறும். ஆறுமா? இல்ல, பிடுங்கித் தின்னுமா?

மே 1, வெள்ளி

அவரிடமே சொல்லிவிட்டேன். நான் பயந்த அளவுக்கு அவர் யோசிக்கவில்லை.

"தெரிஞ்சா உன் மூஞ்சி சொல்லிடும்."

"நான் எத்தனை ரகசியம் காப்பாத்தியிருக்கேன்?"

"அதெல்லாம் ஊர் ரகசியம். எங்கிட்ட நீ மறைச்சது ஒண்ணு சொல்லு. என் பிறந்த நாளுக்கு வாங்குன சட்டையக்கூட முதல் நாளே போட்டுப் பாக்கச் சொன்னவ நீ."

தொழில்நுட்பருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், நிம்மதியாகச் சிரித்தார். என் தொழிலில், வந்த செய்தியை நானே வேண்டாம் என்றது இதுதான் முதல் தடவை.

மே 19, செவ்வாய்

சாவி விழவில்லை. திருகவும் இல்லை. ஆனால் விழவில்லை!

மே 28, வியாழன்

சாவி கால் வட்டம் திரும்பியது. ஆதாரம் இன்னொருதரம்; அவர் கூவியதைக் கேட்டு ஓடி வந்த காவலாளியும் சாட்சி. இந்தக் கூவல் அளவெடுக்கும் அறைக்குக் கேட்டிருக்குமோ என்று உடனே பிசியோவுக்கே பயம். கண்கட்டு இன்று விடுமுறையாம். பிழைத்தோம்.

வேனில் இவர் பாடிக்கொண்டே வந்தார். சுருதி விபத்துக்கு முன்பும் இல்லை.

ஜூன் 10, புதன்

அளவெடுப்பு. விரல் அழுத்தும் கருவியில் எண் ஏறியது. கண்கட்டின் முகத்தில் ஒன்றும் இல்லை. எழுதி முடித்துவிட்டு, "சார், வெளிய நல்ல காத்து," என்றார். வானிலையை அவராகவே ஆரம்பித்தது இதுவே முதல் முறை. அண்ணி இதை ஒரு சான்றிதழ் என்கிறார்.

ஜூன் 24, புதன்

ஒரு பழைய அலுவலகக் கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இயந்திர அறை. மேலாளர், ஒரு பொறியாளர், நான், அவர். அண்ணியைக் கீழே அந்தக் கட்டடத்துக் காவலாளியோடு உட்கார வைத்திருந்தோம். அண்ணியின் பேச்சில் அவர் பட்ட பாடு தனிக் கதை.

சாவியை அவர் மடியில் வைத்தார்கள். எடுக்கவே நேரம் பிடித்தது. மணிக்கட்டைப் பின்னால் சாய்த்து, விரல்களுக்கு நடுவே சாவியை நகர்த்தி, துளையில் வைத்தார். முதல் தடவை வழுக்கியது. பொறியாளர் ஓரடி முன்னே வந்தார். மேலாளர் அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

இரண்டாவது தடவை திரும்பியது. கதவு திறந்தது.

நான் அழுவதற்குத் தயாரானேன். அதற்குள் அவர் பெட்டிக்குள் தலையை நீட்டி, "எந்த மடையன்யா இதுக்கு ஒயர் குடுத்தது? எர்த்து எங்க?" என்று கத்தினார். அந்த மடையன் பொறியாளர்தான். அவர் முகம் போன போக்கைப் பார்த்து மேலாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"வேலைக்கு எப்ப வரீங்க?"

"மொதல்ல இத சரி பண்ணச் சொல்லுங்க. அப்புறம் பேசலாம்."

ஜூன் 25, வியாழன்

முதல் பக்கம். எட்டுப் பத்தி. படத்துடன்.

ஜூலை 10, வெள்ளி

அவருடைய சுற்று முடிந்தது. அவருக்கு எந்த மின்சாரம் என்பதை மருத்துவர் இன்று சொன்னார்.

"உங்களுக்கு ஓடினது பொய் மின்சாரம்."

அண்ணி என்னைப் பார்க்க, நான் அவரைப் பார்க்க, அவர் தன் கையைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கை?"

"பயிற்சி. நீங்களும் அந்தப் பொண்ணும் செஞ்சது. தப்பிச்ச இழைங்க தன்னால வழி தேடியிருக்கு."

"கரண்டே இல்லாமலா?"

"கரண்டே இல்லாம."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. பிசியோவைக் கூப்பிடச் சொன்னார், அந்தப் பெண் வந்ததும், "ஏம்மா, ஒயர் மாட்டாமலே லிஃப்ட ஓட்டிட்டியே!" என்றார். அந்தப் பெண்ணுக்கும் இப்போதுதான் தெரியும். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நெசமான கரண்டுன்னு நான் சத்தியமே பண்ணேனே," என்று அண்ணி முனகினார். எத்தனை மாடியில் சத்தியம் செய்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

உண்மையான மின்சாரம் இனிமேல்தான். மருத்துவர் கறாராகச் சொன்னார்: அது எதையாவது கூட்டித் தரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஒருவர் கையை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. சரி. இந்தச் சுற்றில் இடது கைக்கும் பயிற்சி உண்டு. கண்கட்டிடம் மட்டும் மூச்சு விடக் கூடாது, வானிலை தொடரும்.

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன், இடது கைக்கு என்ன திட்டம் என்று.

"வலது கைக்குக் கம்பெனி சம்பளம் தருது. அது கம்பெனிக் கை. இடது கை உனக்கு."

நான் எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருகிறேன். அந்த விரல்களுக்குள் என் கையை வைத்தேன். பிடிக்கவில்லை. இன்னும் இல்லை.

நிலுவையில் இருப்பவை: மின்சாரம் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஆராய்ச்சி முழுவதற்குமான முடிவு, டிசம்பரில். இடது கை, தொடக்கம் வரும் திங்கள் காலை.