மூங்கிலடியைக் கூட்டிக் கொளுத்தினேன்

காவலூர்,
மாசி மாதம், 1979.

மரியாதைக்குரிய ஜோசபின் டீச்சருக்கு, ராஜாக்கண்ணு கும்பிட்டு எழுதுவது. இங்கே நானும் என் சம்சாரம் வெள்ளையம்மாளும், பால் கறக்காமல் தின்றே காலம் தள்ளும் எங்கள் மாடும் சுகம். வேலூரில் நீங்களும் உங்கள் காலேஜ் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும்.

அடுத்த வாரம் புரொபசரை அழைத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். அவர் நேரில் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உங்கள் ஆராய்ச்சி தேறும் என்றும் இருந்தது. அதற்குள் இது உங்கள் கையில் சேரணும். பஸ் டிரைவரிடம் கொடுத்து ஆலங்காயத்தில் தபாலில் போடச் சொல்கிறேன்.

ஓடைக்கரை மூங்கில் நிழலில் தாழப் பறக்குமே, உங்கள் பழுப்புப் பட்டாம்பூச்சி. மழைக்காலத்தில் இறக்கையில் கண் கண்ணாகப் புள்ளி இருக்கும், கோடையில் புள்ளி மங்கிச் சருகோடு சருகாக உட்கார்ந்திருக்கும் என்று காட்டினீர்கள். "வெயில்ல பவுடர் கலைஞ்சி பூடுதா டீச்சர்?" என்று நான்கூடக் கேலி பண்ணினேன். புல்லில்தான் முட்டை, புழுவுக்கும் அந்தப் புல்தான் சோறு, அந்த நிழலை விட்டு அது தூரம் போகாது என்றீர்கள். எல்லாம் கேட்டுத் தலையாட்டினவன்தான் நான்.

புரொபசர் வயசானவராச்சே, முள் தைக்கக்கூடாது, பாம்பு கீம்பு இருக்கக்கூடாது என்று நினைத்தேன். புளி உலுக்கும் முன்னே மரத்தடியைக் கூட்டிக் கொளுத்துவோமே, அதேமாதிரி புல்லை அறுத்து, சருகைக் கூட்டி, ஓடைவரைக்கும் கொளுத்திவிட்டேன். கல்யாண வீடு மாதிரி ஆக்கிட்டேன் பார் என்று வெள்ளையம்மாளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோவ், விருந்தாளி வர்றாங்கன்னு வூட்டைப் பெருக்கின, சரி. வூட்டுக்காரங்க எங்கய்யா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரையே கிண்டல் பண்ணுகிற நான், அவள் முகத்தைப் பார்க்காமலே வீடு வந்தேன். தினமும் போய்ச் சாம்பலில் நிற்கிறேன் டீச்சர். ஒன்றுகூட எழும்பவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம், பாறையடியில் கொஞ்சம் புல் தப்பியிருக்கிறது. நேற்று அதில் சருகு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் சருகாகவும் இருக்கலாம். கிட்டே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் கால் பட்டு அதுவும் போய்விட்டால்?

புரொபசரிடம் இந்த ராஜாக்கண்ணு பண்ணின வேலை என்றே சொல்லுங்கள். உங்கள் மேல் பழி வரவேண்டாம். என்னைத் திட்டுவதற்காவது வாங்க டீச்சர். வராமல் மட்டும் இருந்துடாதீங்க. நீங்கள் வந்து அது என்னவென்று பார்க்கிறவரைக்கும் அந்தப் பக்கம் மாட்டையும் விடமாட்டேன், நானும் போகமாட்டேன்.

தலை நிமிராமல் எழுதும்,
ராஜாக்கண்ணு.